கார் கிளம்ப மறுக்கிறதா? காது கொடுத்துக் கேளுங்கள்!

ரவா லட்டுக்கும் கைக்குழந்தையின் சளிக்கும் நடுவே கார் ரிப்பேருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். வைகாசி மாதத்தில் ஒரு நாள், ராத்திரி இரண்டு மணிக்கு, கிளம்பாத காருக்குப் பக்கத்தில் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு 40 நிமிஷம் நின்றேனே, அதற்குப் பிறகு கேட்பதில்லை.

எங்களுக்குத் திருவண்ணாமலை. வாசலில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். வீட்டுக்காரருக்கு வேலூரில் உத்தியோகம். சனிக்கிழமை சாயங்காலம் வந்து, திங்கட்கிழமை விடிவதற்கு முன் பஸ் பிடித்து விடுவார். கார் மட்டும் வீட்டில் சும்மா நிற்கும். "சும்மா நிக்கறதை நீதான் ஓட்டேன்" என்று அவர் சொல்லப் போக, 46 வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு என்று தைரியமாக ஓட்டிப் போய் வருவேன். சாவியைத் திருப்பினால் கிளம்பும், பெட்ரோல் தீர்ந்தால் போட வேண்டும். அதற்கு மேல் காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அன்று மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பேரனுக்கு ஒன்பது மாதம். மத்தியானத்திலிருந்து வாந்தி, பேதி. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ராத்திரி அதையும் கக்கிவிட்டான். இரண்டு மணி வாக்கில் மகள் என்னை எழுப்பினாள். "அம்மா, இவன் சாயங்காலத்துல இருந்து ஒண்ணுக்கே போகலம்மா. அழுதா கண்ணுல தண்ணி வரல" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாவியைப் போட்டதும் மீட்டர் போர்டில் விளக்கெல்லாம் அழகாக எரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். 'டக்'கென்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான், எல்லா விளக்கும் அணைந்து விட்டது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் 'டக்'. பத்துத் தடவையாவது திருப்பியிருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்தார். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு மூடினார். "தள்ளிப் பாக்கலாம்" என்றார். மூன்று பேர் தெருக்கோடி வரைக்கும் தள்ளினார்கள். கிளம்பவில்லை. தெரிந்த டிரைவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மகள் திண்ணையில் உட்கார்ந்து குழந்தையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் கண்ணைத் திறப்பான், மூடிக்கொள்வான்.

அந்த நேரத்தில் ஊருக்குள் பூ ஏற்றி வந்த ஒரு மினி வேன் எங்களைப் பார்த்து நின்றது. "ஏறுங்கம்மா, பூவு எங்க போயிடப் போவுது" என்று அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டான். உடனே குழந்தைக்கு சலைன் ஏற்றினார்கள். விடிவதற்குள் பேரன் சிணுங்க ஆரம்பித்தான். அந்தச் சிணுங்கலைக் கேட்டபோதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "ரெண்டு மணிக்கே பாத்தாச்சுன்னு சொல்றீங்க. இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?"

"கார் கிளம்பலீங்க."

"கார் கிளம்பலேன்னா என்ன? 108-க்குக் கூப்பிட வேண்டியதுதானே?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிற இலவச ஆம்புலன்ஸ். எண் எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். ஆனால் வாசலில் சொந்தக் கார் நின்றதால், அதுதான் போக வேண்டிய வண்டி என்ற ஒரே எண்ணத்தில் 40 நிமிஷத்தைத் தொலைத்திருந்தோம்.

இரண்டே நிமிஷ வேலை

மறுநாள் காலையில் போளூர் ரோட்டிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். அறுபதைத் தாண்டியவர். பானெட்டைத் தூக்கி, பேட்டரியின் மேல் மாட்டியிருந்த கம்பி வளையத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். அது லொடலொடவென்று சுற்றியது. அதன் மேல் தயிர் காய்ந்த மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருந்தது.

"பாரு தங்கச்சி, கையாலயே சுத்துது. இப்படி இருந்தா கரண்டு எப்படிப் போவும்?"

சுரண்டித் துடைத்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் ஒரு முறுக்கு முறுக்கினார். "இப்ப போடு" என்றார். போட்டேன். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ராத்திரி என் குழந்தைகளைத் தவிக்க வைத்தது இந்த ஒரு முறுக்குதானா?

"ஏன் பாய், இது எனக்குத் தெரிஞ்சிருக்கணுமா?" என்று கேட்டேன்.

"புள்ள அழுதா என்னாத்துக்கு அழுவுதுன்னு உனக்குத் தெரியுதில்ல? பசிக்கு ஒரு அழுகை, வயித்து வலிக்கு ஒரு அழுகை, தூக்கத்துக்கு ஒரு அழுகை. வண்டியும் அப்படித்தான். நாலு மாதிரி அழும். காது குடுத்துக் கேட்டா எங்க வலின்னு அதுவே சொல்லிடும்" என்றார் பாய்.

அன்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

அடுப்பு மாதிரிதான் எஞ்சினும்

கேஸ் அடுப்பு எரிய என்ன வேண்டும்? கேஸ், காற்று, லைட்டரின் பொறி. பெட்ரோல் எஞ்சினுக்கும் இதே மூன்றும் வேண்டும். பெட்ரோல், காற்று, ப்ளக் தருகிற நெருப்புப் பொறி. ஆனால் அடுப்பைப் போல எஞ்சின் தானாகத் தொடங்கிவிடாது. முதல் சில சுற்று யாராவது சுற்றிவிட வேண்டும். அதற்குத்தான் 'செல்ஃப்' என்று மெக்கானிக்குகள் சொல்கிற ஸ்டார்ட்டர் மோட்டார். அது பேட்டரியிலிருந்து கரண்டை வாங்கி எஞ்சினைச் சுற்றிவிடும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் விலகிவிடும்.

விளக்கும் ஹாரனும் கொஞ்சம் கரண்டில் வேலை செய்துவிடும். செல்ஃபுக்கு ஒரே சமயத்தில் 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 'விளக்கு எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது' என்று நான் ஏமாந்தது இங்கேதான். வாய்க்காலில் ஈரம் இருப்பதால் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது என்று சொல்ல முடியுமா?

இப்போது அந்த நான்கு அழுகையைக் கேளுங்கள்.

முதலாவது: பேச்சு மூச்சே இல்லை

சாவியைத் திருப்பினால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. ஹாரனை அழுத்தினால் அதுவும் ஊமை. பேட்டரி அடியோடு இறங்கிப் போயிருக்கிறது, அல்லது அதன் கம்பி கழன்றிருக்கிறது. முந்தின நாள் ஹெட்லைட்டை அணைக்க மறந்தீர்களா? குழந்தைகள் வண்டிக்குள் விளையாடி உள்விளக்கைப் போட்டுவிட்டு இறங்கினார்களா? ஊருக்குப் போய்விட்டு, மூன்று வாரம் கழித்து இன்றைக்குத்தான் வண்டியை எடுக்கிறீர்களா? பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது: 'டக்', 'டகடகடக'

விளக்கு எரிகிறது. சாவியைத் திருப்பினால் 'டகடகடக' என்று பல்லி கத்துகிற மாதிரி சத்தம். விளக்கு மங்குகிறது. இது பேட்டரியில் தெம்பு குறைந்ததன் அடையாளம். ஒரே ஒரு 'டக்' வந்து எல்லாமே அணைந்து போனால், முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். முனையை அசைத்து, அழுத்திச் செருகி, ஒரு துணியைச் சுற்றிக் கையால் இறுக்கினாலே பல சமயம் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். பிறகு ஸ்பேனரால் முறுக்கிக்கொள்ளலாம். ஒரு ஜாக்கிரதை: இரண்டு முனைகளையும் சேர்த்தாற்போல் எந்த இரும்பும் தொடக்கூடாது. கை வளையலும் அதில் சேர்த்திதான். கழற்றி வைத்துவிட்டுத் தொடுங்கள்.

முனையும் இறுக்கமாக இருக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஒரே 'டக்' என்றால் செல்ஃப் மோட்டாரில் கோளாறு இருக்கலாம். அது நம்மால் ஆகிற வேலை இல்லை.

மூன்றாவது: விளக்கு பளிச், சத்தம் இல்லை

விளக்கெல்லாம் பிரகாசமாக எரிகிறது. திருப்பினால் 'டக்' கூட இல்லை. இப்போது காரைத் திட்டாதீர்கள். நாம்தான் எதையோ மறந்திருப்போம். கியர் தானாக மாறுகிற ஆட்டோமேட்டிக் வண்டி, கியர் 'பி' அல்லது 'என்' எழுத்தில் இருந்தால்தான் கிளம்பும். பிரேக்கையும் மிதித்திருக்க வேண்டும். கியர் போட்டு ஓட்டுகிற புது வண்டிகள் பலவற்றில் கிளட்சை முழுசாக மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். பட்டனை அழுத்திக் கிளப்புகிற வண்டியாக இருந்தால், சாவிக்குள் இருக்கிற காசு போன்ற சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். அந்தச் சாவியையே பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்திப் பாருங்கள். பல வண்டிகளில் அப்படிச் செய்தால் எடுத்துக்கொள்ளும்.

சாவியே திரும்ப மாட்டேன் என்கிறதா? முரட்டுத்தனமாகத் திருப்பி உடைக்காதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கும். ஒரு கையால் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள்.

நான்காவது: சுற்றுகிறது, பிடிக்கவில்லை

'குர்ர் குர்ர்' என்று எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் கிளம்பவில்லை. அப்படியானால் பேட்டரி மேலும் செல்ஃப் மேலும் பழி இல்லை. அடுப்புக் கணக்குக்கு வாருங்கள். கேஸ் இருக்கிறதா, பொறி வருகிறதா? முதலில் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாயின் பட்டறைக்கு வருகிற போன்களில் இதுவும் உண்டாம்! அடுத்து, மீட்டர் போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். திருட்டைத் தடுக்கிற அந்தச் சாதனம் உங்கள் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று அர்த்தம். சாவியை எடுத்து மறுபடி போடுங்கள். வேறு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கம் நெல் மூட்டையும் வேர்க்கடலை மூட்டையும் வைத்திருக்கிற வீடுகள் அதிகம். மூட்டைக்கு வருகிற எலி, எஞ்சின் சூட்டுக்கு பானெட்டுக்குள் போய் ஒயரைக் கடித்து வைக்கும். பானெட்டைத் திறந்ததும் நெல் உமியோ எலிப் புழுக்கையோ தெரிந்தால் மேற்கொண்டு முயற்சி செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எந்த அழுகையானாலும் ஒரு விதி. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃபைச் சுற்றக் கூடாது. நடுவில் அரை நிமிஷமாவது விட வேண்டும். மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். நான் செய்த மாதிரி விடாமல் திருப்பினால் இருக்கிற தெம்பும் போய், மோட்டாரும் சூடேறிக் கெட்டுப்போகும்.

பக்கத்து வண்டியிலிருந்து கைமாற்று

பேட்டரி இறங்கியிருந்தால், ஜம்பர் கேபிளால் இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கரண்டு வாங்கலாம். பால் உறை ஊற்ற பக்கத்து வீட்டில் மோர் வாங்குகிற மாதிரிதான். ஆனால் வரிசை தப்பக் கூடாது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல், எஞ்சின் அணைந்து நிற்க வேண்டும். சிவப்பு ஒயரை முதலில் நம் பேட்டரியின் கூட்டல் முனையிலும், அடுத்து அவர்கள் பேட்டரியின் கூட்டல் முனையிலும் மாட்டுங்கள். கறுப்பு ஒயரை அவர்கள் பேட்டரியின் கழித்தல் முனையில் மாட்டி, மறு நுனியை நம் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு கனமான இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். அவர்கள் வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிஷம் ஓட விட்டு, பிறகு நம் வண்டியைக் கிளப்ப வேண்டும். கிளம்பியதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

கடைசி நுனியை ஏன் பேட்டரியில் மாட்டக் கூடாது? பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். மாட்டும்போது தெறிக்கிற பொறி அதில் பட்டால் வெடிக்கும். உதவிக்கு வருகிறவர் வாயில் பீடி, சிகரெட் இருந்தால் முதலில் அதைத் தூரப் போடச் சொல்லுங்கள். சங்கோஜப்பட வேண்டாம்.

தள்ளிக் கிளப்புவது கியர் போடுகிற வண்டிக்கு மட்டும்தான், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஆகாது. சாவியைப் போட்டு, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரில் வைத்து, வண்டி ஓட ஆரம்பித்ததும் கிளட்சை விட வேண்டும். எஞ்சின் கிளம்பும் வரை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல் மாதிரி கனக்கும். ஆகவே சரிவில் வேண்டாம், குழந்தைகளை உள்ளே வைத்துக்கொண்டும் வேண்டாம். எங்கள் வண்டி தள்ளியும் கிளம்பாததற்குக் காரணம், பேட்டரிக் கம்பியே தொடாமல் இருந்ததால் பெட்ரோல் பம்புக்கும் ப்ளக்குக்கும் கரண்டு போகாததுதான்.

மழை வெள்ளத்தில் நின்ற வண்டியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் கிளப்பிப் பார்க்காதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் ஊரிலும் வெள்ளத்தைப் பார்த்தோமே! எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது செல்ஃபைச் சுற்றினால் உள்ளே இருக்கிற இரும்புத் தண்டே வளைந்துவிடும். இழுத்துக்கொண்டு போய்த்தான் பார்க்க வேண்டும். அதே போல, டீசல் வண்டிக்குத் தவறிப்போய் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியையே தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

இது ஆண்கள் சமாசாரமா?

"இதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்மா" என்றாள் மகள். அவளுக்கு நான் சொன்ன கதை இது.

1888 ஆகஸ்ட். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். வாங்கத்தான் ஆள் இல்லை. அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் ஊரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். உலகத்தின் முதல் நீண்ட கார் பிரயாணமே ஒரு பெண் தாய்வீட்டுக்குப் போன பிரயாணம்தான்! வழியில் எரிபொருள் தீர்ந்தது. விஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் கறை நீக்குகிற திராவகத்தை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டது. ஊசியால் குத்தி எடுத்தார். மின்சாரக் கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டையைச் சுற்றி ஓட்டினார். மெக்கானிக் கிடையாது, போன் கிடையாது. கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தார். சமையலறையில் நாம் தினமும் செய்வதும் இதுதானே!

வெகு காலம் வரைக்கும் காரின் முன்னால் ஹாண்டிலைச் செருகிக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. சில சமயம் அது திருப்பி அடித்து மணிக்கட்டையே முறிக்கும். 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பலம் இல்லாதவர்களும் காரைக் கிளப்பலாம் என்று ஆனது அதற்குப் பிறகுதான். நாம் திருப்புகிற சாவி அப்படி வந்தது.

கிளம்பாத காரில் குழந்தை

இளம் தாய்மார்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

கார் கிளம்பவில்லை என்றால் முதல் வேலை பானெட்டைத் திறப்பது அல்ல, குழந்தையை வெளியே எடுப்பது. பேட்டரி இறங்கிய வண்டியில் ஏ.சி. ஓடாது, கண்ணாடி இறங்காது. வெயிலில் மூடி நிற்கிற காருக்குள் பத்தே நிமிஷத்தில் சூடு 10 டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் திறந்து வைப்பதால் பெரிய பிரயோஜனம் இல்லை. குழந்தையின் உடம்பு நம்மைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகிறது. 40 டிகிரியைத் தொடுகிற நம் சித்திரை வெயிலில் இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று தயங்காதீர்கள். எழுந்து அழுதால் அழட்டும்.

பின்கதவில் 'சைல்டு லாக்' போட்டிருந்தால் உள்ளேயிருந்து திறக்க முடியாது, நினைவிருக்கட்டும். பேட்டரி இறங்கினால் ரிமோட்டும் வேலை செய்யாது. பெரும்பாலான ரிமோட் சாவிகளுக்குள்ளேயே நிஜச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும். டிரைவர் பக்கக் கதவில் அதற்கு ஒரு துவாரமும் இருக்கும். எங்கே என்று இன்றைக்கே பார்த்து, ஒரு தடவை திறந்து பழகிக்கொள்ளுங்கள்.

உடம்பு சரியில்லாத குழந்தையோடு கிளம்புகிறீர்கள் என்றால் என் கணக்கு இது: முதல் திருப்பில் கார் கிளம்பாவிட்டால், இரண்டாவது திருப்புக்கு முன்னால் 108-க்குப் போன் போட்டுவிடுவது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் கார் கிளம்பிவிட்டால், வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். வாந்தி பேதியில் கண் குழிந்து, வாய் உலர்ந்து, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல், துவண்டு கிடக்கிற குழந்தைக்கு ஒவ்வொரு நிமிஷமும் பொன். அதைக் காருக்குச் செலவழிக்காதீர்கள்.

பாய் சொன்ன பத்தியம்

கார் பேட்டரிக்குச் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து வருஷம் ஆயுசு. நம் ஊர் வெயில் அதைக் குறைக்கும். வாங்கிய தேதியை பேட்டரி மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள். காலையில் கிளப்பும்போது எஞ்சின் சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் அது முன்கூட்டியே தருகிற எச்சரிக்கை. அன்றைக்கே கடையில் காட்டுங்கள். ஓய்வில் இருக்கிற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் பேட்டரி நல்லதுதான், அதற்குத் தீனி போடுகிற ஆல்ட்டர்னேட்டரில்தான் கோளாறு.

முனையில் பூக்கிற வெள்ளைப் பொடிக்கு மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கிறது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, துடைத்து, காய்ந்ததும் மேலாக வாஸலைன் தடவுங்கள். முனையைக் கழற்றும்போது கழித்தலை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். அந்தப் பொடியைக் கையால் தொட்டுவிட்டு அப்படியே குழந்தையைத் தூக்காதீர்கள். அது அமிலப் பொடி. வாரத்துக்கு இரண்டு தடவையாவது வண்டியை அரை மணி நேரம் ஓட்டுங்கள். நான் இப்போது அதற்கென்றே கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டரும் ஒரு சுற்று வந்துவிடுகிறேன். பேட்டரிக்கும் புண்ணியம், எனக்கும் புண்ணியம்!

ஆடி அண்ணாமலை அருகே

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனபோது, ஆடி அண்ணாமலை கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கார் நின்றிருந்தது. பகல் 11 மணி வெயில். ஓட்டுகிற ஸீட்டில் ஒரு இளம் பெண், வேர்த்து விறுவிறுத்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள். பின்ஸீட்டில் பெரியவர் ஒருவர் மடியில் குழந்தை. கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது.

"முதல்ல குழந்தையை இறக்கும்மா" என்றேன். கோயில் மண்டப நிழலில் பெரியவரையும் குழந்தையையும் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம். அப்புறம் அவளிடம் வந்தேன்.

"இப்ப ஒரு தடவை அழுத்து, கேக்கறேன்."

அழுத்தினாள். சத்தமே இல்லை. ஆனால் விளக்கெல்லாம் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது அழுகை!

"கியர் எதுல இருக்குன்னு பாரும்மா."

குனிந்து பார்த்தாள். 'டி'யில் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு 'பி'க்குத் தள்ளி, பிரேக்கை மிதித்து அழுத்தினாள். வண்டி கிளம்பியது.

"நீங்க மெக்கானிக்காக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, பேரன் எடுத்தவ" என்றேன்.

அன்று சாயங்காலம் பாயிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பட்டறைப் பக்கம் வந்து போ தங்கச்சி, இன்னும் ரெண்டு விஷயம் சொல்லித் தரேன்" என்றார். போகலாம் என்றிருக்கிறேன்.

*காரில் எப்போதும் இருக்கட்டும்:*

• ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி

• பத்தாம் நம்பர் ஸ்பேனர், பழைய துணி, பழைய டூத் பிரஷ்

• டார்ச் லைட் (செல்போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், அது பேசுவதற்கு வேண்டும்)

• குடிதண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, ஒரு லிட்டர் பாட்டில் (ஒரு பாக்கெட்டுக்கு, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர்)

• மெக்கானிக்கின் எண்ணையும், தெரிந்த ஆட்டோக்காரர் எண்ணையும் எழுதிய அட்டை. அதன் தலைப்பில் பெரிய எழுத்தில்: 108